உழைச்செல்வான் எங்கே?

மருத்துவம் என்றவுடன் நம் மனக்கண்முன் வந்து நிற்பவை இரண்டு. ஒன்று வைத்தியர், மற்றொன்று மருந்து. நோயுற்றவரை நாம் அவற்றின் பின்னரே நினைக்கின்றோம். திருவள்ளுவர் அவ்வாறு நினைத்தாரல்லர். மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளிலே அவர் மருத்துவத்தை நான்கு உறுப்பாக வகுக்கின்றார். நோயுற்றவர் முதலிலே நிற்கின்றார். நோயைத் தீர்ப்பவரும் மருந்தும் அவர்பின் வருகின்றனர். நான்காவதாக வருபவர், நோயாளியின் அருகே நின்று வேண்டுவன செய்பவர். அவருக்கு வள்ளுவர் இட்ட பெயர் உழைச்செல்வான் என்பது. உழை என்பது பக்கம். பக்கத்திலே இருந்து பணி செய்பவன் என்பது அப்பெயரின் பொருள்.

இந்த நான்கு உறுப்புக்கும் பரிமேலழகர் நந்நான்கு இலக்கணம் கூறி, மருத்துவத்தைப் பதினாறாக விரித்துக் காட்டுவர். அவற்றுள் மூன்றினை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். நோயாளிக்கு உரியவற்றுள் ஒன்று, தம் நோயின் நிலையைப் பிறர்க்கு உணர்த்துதல். மருந்துக்கு உரியவற்றுள் ஒன்று, எளிதிலே கிடைத்தல். உழைச்செல்வானுக்கு உரியவற்றுள் ஒன்று, நோயாளியிடத்து அன்பு. வடமொழியிலுள்ள சரக சங்கிதையும் மருத்துவத்துக்கு நான்கு பாதங்கள் உண்டென்றே கூறும். பணி செய்பவரிடத்து அன்பும் தூய்மையும் வேண்டுமென்று அந்நூலும் விதிக்கும்.

முதியோரின் இறுதிக்காலப் பராமரிப்பைப் பற்றி இந்நாளில் உலகம் பேசுகின்ற பேச்சின் சாரம் இம்மூன்றினுள்ளே அடங்கும். வலியைத் தணிக்கும் மருந்து எளிதிலே கிடைத்தல் வேண்டும். பக்கத்திலே அன்புடைய ஒருவர் இருத்தல் வேண்டும். நோயாளி தம் நிலையையும் விருப்பத்தையும் சொல்லுதல் வேண்டும். சொல்வதற்கு நாம் இடம் கொடுத்தல் வேண்டும். வவுனியா மாவட்டத்தில் வாழும் நாம் இவற்றில் எந்நிலையில் இருக்கின்றோம்? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

போர்வையும் விருந்தும்

தீராத நோயுற்றோருக்குச் செய்யும் இப்பணியை ஆங்கிலத்தில் பலியேற்றிவ் கெயர் என்பர். தமிழில் நோய்த்தணிப்புப் பராமரிப்பு என வழங்குகின்றோம். ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான இலத்தீன் சொல் போர்வையைக் குறிக்கும். குளிரை அழிக்க இயலாதபோதும் குளிருகின்றவரைப் போர்த்தலாம் அன்றோ? நோயை வேரோடு களைய இயலாதபோதும் நோயினால் வரும் வலியையும், மூச்சுத் திணறலையும், அச்சத்தையும், தனிமையையும் தணிக்கலாம். இதுவே அப்பராமரிப்பின் கருத்து. இத்தகைய நோயாளர் தங்கும் இல்லத்துக்கு ஹொஸ்பிஸ் என்று பெயர். அச்சொல்லின் மூலமும் இலத்தீனே. அதன் பொருள் விருந்தோம்பல். விருந்தோம்பலைத் தனி அதிகாரமாக வைத்துப் போற்றிய மொழிக்குரிய நமக்கு இக்கருத்து அந்நியமானதன்று.

இக்காலத்து ஹொஸ்பிஸ் இயக்கத்தைத் தொடக்கிவைத்தவர் சிசிலி சோண்டர்ஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி. 1918இல் பிறந்த அவர் முதலிலே தாதியாயினார். பின்னர்ச் சமூகப் பணியாளராயினார். அதன்பின்னர் மருத்துவம் கற்று வைத்தியராயினார். 1967இல் இலண்டனில் புனித கிறிஸ்தோப்பர் இல்லத்தைத் திறந்தார். வலி என்பது உடலில் மட்டும் தோன்றுவதன்று. மனத்துயர், குடும்பக் கவலை, ஆன்மாவின் கலக்கம் ஆகியனவும் சேர்ந்ததே முழு வலி என்பது அவர் நிறுவிய கொள்கை. கடன் தீரவில்லையே என்று கலங்குபவருக்கு மருந்தின் அளவை மட்டும் கூட்டிப் பயனில்லை. பக்கத்தில் அமர்ந்து அக்கவலையைக் கேட்பவரும் வேண்டும்.

இப்பராமரிப்புப் புற்றுநோய்க்கு மட்டும் உரியதென்று கருதுவோர் பலர். அஃது உண்மையன்று. பக்கவாதம், இதயத் தளர்ச்சி, சிறுநீரகச் செயலிழப்பு, நெஞ்சு நோய், மறதிநோய் முதலியவற்றால் நலிவோருக்கும் அது வேண்டற்பாலது. வைத்தியர் கைவிட்டபின் தொடங்குவது என்பதும் தவறான எண்ணமே. நோய் இன்னதென்று அறிந்த நாளிலேயே, நோய்க்குரிய சிகிச்சையோடு சேர்ந்து இதுவும் தொடங்கலாம். அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் முற்றிய நுரையீரற் புற்றுநோயுற்ற 151 பேரிடம் நடத்திய ஆய்வொன்று 2010இல் வெளிவந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரிலும், அதனோடு தொடக்கத்திலேயே தணிப்புப் பராமரிப்பும் பெற்றோர் மனச்சோர்வு குறைந்து வாழ்ந்தனர், வாழ்நாளும் நீண்டது. முன்னையோர் இடைநிலையளவில் 8.9 மாதமும் பின்னையோர் 11.6 மாதமும் வாழ்ந்தனர். தணிப்பு என்றால் கைவிடுதல் என்று அஞ்சுவோருக்கு இது தக்க விடை.

மருந்தைப் பற்றியும் ஒரு சொல். கடும் வலிக்கு உரிய மருந்து மோர்பின். வலியின் அளவுக்கேற்ப மூன்று படியாக மருந்து கொடுக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1986இல் வகுத்தது. அதன் மேற்படியில் இருப்பது மோர்பினே. அது விலை குறைந்தது. வாயாலே உட்கொள்ளத் தக்கது. ஆயினும் அது போதைப்பொருள் என்ற அச்சம் மக்களை மட்டுமன்றி மருத்துவத்துறையினர் சிலரையும் பற்றி நிற்கின்றது. வலியுற்றவருக்கு வைத்தியர் அளந்து, நேரம் தவறாமல் கொடுக்கும் மோர்பின், அவரை அடிமையாக்குவதற்குக் கொடுக்கப்படுவதன்று. உறங்கவும் உண்ணவும் மக்களோடு பேசவும் கொடுக்கப்படுவது. அதனால் மலச்சிக்கல் வரும். அதற்கும் சேர்த்தே மருந்து கொடுப்பர். இப்பராமரிப்பு ஆண்டுதோறும் 5 கோடியே 68 இலட்சம் மக்களுக்குத் தேவை என்றும், அவர்களுள் நூற்றுக்கு 14 பேருக்கே அது கிடைக்கின்றது என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

வவுனியாவின் முதுமை

இலங்கை விரைந்து முதுமையுறுகின்றது. 2012ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கின்படி 65 வயதும் அதற்கு மேற்பட்டோரும் நூற்றுக்கு 7.9 பேர். 2024ஆம் ஆண்டுக் கணக்கில் அத்தொகை 12.6 ஆயிற்று. பன்னிரண்டு ஆண்டுக்குள் நிகழ்ந்த மாற்றம் இது. மேனாடுகள் முதலிலே செல்வம் பெற்றுப் பின்னர் முதுமை பெற்றன. நமக்கோ முதுமை முந்திக்கொண்டது.

வவுனியாவின் முதுமைக்கு வேறொரு தன்மையும் உண்டு. இங்குள்ள முதியோருள் பலர் ஒருமுறையன்றிப் பலமுறை வேரோடு பெயர்க்கப்பட்டவர்கள். 1977ஆம் ஆண்டிலும் 1983ஆம் ஆண்டிலும் நிகழ்ந்த வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியோர் உளர். போர்க்காலத்தில் ஊர்விட்டு ஊர் ஓடியோர் உளர். 2009இல் போர் முடிந்தபோது செட்டிகுளத்தை அடுத்த மெனிக் பாம் முகாமிலே இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் அடைபட்டிருந்தனர். 2012 செப்ரெம்பரிலேதான் அம்முகாம் மூடப்பட்டது. கூடாரத்திலே கிடந்து, மீண்டும் தம் வளவுக்கு வந்து, கிணறு இறைத்து, கூரை வேய்ந்தவர்கள் இன்று எழுபதும் எண்பதும் கடந்து நிற்கின்றனர். பிறர்க்கு வீடு என்பது வாழுமிடம். இவர்களுக்கு அது மீட்டெடுத்த உயிர். அவ்வீட்டை விட்டு இறுதி நாளிலே மீண்டும் பெயர்க்கப்படுவது எத்துணைத் துயரம் என்பதை அவர்களே அறிவர்.

இனி, உழைச்செல்வான் எங்கே என்று தேடுவோம். ஒரு மகனைப் போர் கொண்டது. ஒரு மகள் கனடாவிலே. மற்றொரு மகன் பிரான்சிலே. கடைசி மகன் கொழும்பிலே வேலையில். வீட்டிலே எஞ்சியிருப்பவர் எண்பது வயதுக் கிழவரும், எழுபத்தைந்து வயது மனைவியும். நோயாளியும் முதியவர், பணி செய்பவரும் முதியவர். பணத்துக்குக் குறைவில்லாத வீடுகளிலும் இந்நிலையைக் காண்கின்றோம். தொலைபேசியிலே பிள்ளைகளின் முகம் வருகின்றது, குரல் வருகின்றது. படுக்கையில் புரட்டிவிடுவதற்குக் கை வருவதில்லை.

தூரமும் ஒரு தடை. புற்றுநோய் என்று அறிந்தால் நம்மவர் வவுனியாவிலிருந்து ஏறத்தாழ 155 கிலோமீற்றர் தொலைவிலுள்ள தெல்லிப்பழைக்குச் செல்ல வேண்டும். அன்றி அனுராதபுரத்துக்கோ, 250 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள மகரகமைக்கோ செல்ல வேண்டும். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை, 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை தென்னிலங்கையரும் வடவரும் சேர்ந்து நடந்த நடைபயணத்திற் சேர்த்த பொருளைக் கொண்டு எழுந்தது. அதன் நன்றி மறக்கற்பாலதன்று. ஆயினும் எலும்பும் தோலுமாகிய ஒருவருக்கு அந்நெடுஞ்சாலையின் ஒவ்வொரு குலுக்கமும் ஒரு வேதனை. சிகிச்சைக்காகச் செல்ல வேண்டிய பயணங்கள் உண்டு. சென்று ஆவதொன்றில்லை என்றானபின்னும் செய்யும் பயணங்களும் உண்டு. இரண்டையும் வேறு பிரித்து அறிதல் வேண்டும்.

சிறுநீரக நோய் நம் மாவட்டத்துக்கே உரிய மற்றொரு கவலை. காரணம் தெளிவாக அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990களில் வடமத்திய மாகாணத்திலே கவனத்துக்கு வந்தது. வவுனியாவும் அந்நோய் பரவிய மாவட்டங்களுள் ஒன்று. அதற்கு இரையாவோர் பெரும்பாலும் வயலிலே உழைத்த கமக்காரர். நோய் முற்றியவிடத்துக் குருதியை இயந்திரத்தாற் சுத்திகரிக்க வேண்டும். வாரத்திலே இரண்டு மூன்று நாள் அவ்வியந்திரத்தோடு கழியும். சிலருக்கு அது வாழ்வை நீட்டித் தரும் வரம். தளர்ந்த முதியோர் சிலருக்கு அது சுமையாகவும் முடியும். தொடங்குவதா, தொடங்காது தணிப்புப் பராமரிப்போடு வாழ்வதா, தொடங்கினால் எப்பொழுது நிறுத்துவது என்னும் வினாக்கள் எழும். இவ்வினாக்களுக்கு விடை கூற உரிமையுடையவர் யார்? வயலை உழுது, மடையைத் திறந்து, தம் வாழ்வைத் தாமே நடத்திய அக்கமக்காரரே அன்றோ?

சொல்லாத சொல்

நம் வீடுகளில் இவ்வினா அவரிடம் கேட்கப்படுவதில்லை. நோயின் பெயரைக்கூட அவரிடம் சொல்வதில்லை. "அவருக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் உடைந்துபோவார்" என்று வைத்தியரின் அறைவாயிலிலே நின்று பிள்ளைகள் மன்றாடுகின்றனர். அன்பினாலேதான் அவ்வாறு செய்கின்றனர். ஆயினும் அவ்வன்பு என்ன விளைவைத் தருகின்றது?

குளக்கட்டை அண்டிய கிராமம் ஒன்றிலே நிகழ்ந்ததொன்றைச் சொல்வேன். தொண்டையிலே புற்று வந்த முதியவர் ஒருவர். பிள்ளைகள் அவரிடம் "புண்தான், ஆறிவிடும்" என்றனர். அவரும் தலையசைத்தார். நோய் முற்றியபோது வெளிநாட்டிலுள்ள மகன், "எங்கேயாவது கொண்டுபோய்க் காப்பாற்றுங்கள், பணத்தைப் பார்க்காதீர்கள்" என்று தொலைபேசியிலே அழுதான். மூன்று நகரங்களுக்குக் கொண்டு சென்றனர். நான்காவது கிழமையிலே தொலைநகர் ஒன்றின் வைத்தியசாலைக் கட்டிலில், உறவினர் எவரும் அருகில்லாத விடியற்காலையிலே அவர் உயிர் பிரிந்தது. எட்டுச் செலவு நாளிலே அயல்வீட்டு முதியவர் அவருடைய மகளைப் பார்த்துச் சொன்னார்:

"பிள்ளை, கொப்பர் என்னட்டை எல்லாம் சொன்னவர். 'எனக்கு என்ன வருத்தம் எண்டு எனக்குத் தெரியும். என்னை அங்கை இஞ்சை கொண்டு திரியாமல், இந்தத் திண்ணையிலை காத்துப்படக் கிடக்கவிட்டாப் போதும்' எண்டவர்."

"அதை ஏன் மாமா எங்களுக்குச் சொல்லேல்லை?"

"அவருக்கு ஒண்டும் தெரியாது எண்டு நீங்கள் நினைச்சுக்கொண்டிருந்தியள். நீங்கள் தாங்கமாட்டியள் எண்டு அவர் நினைச்சுக்கொண்டிருந்தார். நான் ஆருக்கு எதைச் சொல்ல?"

அங்கே குற்றவாளி என்று சுட்டுவதற்கு ஒருவரும் இல்லை. மகனிடம் அன்பு இருந்தது. மகளிடம் அன்பு இருந்தது. தந்தையிடமும் அன்பு இருந்தது. அவ்வன்புகள் ஒன்றோடொன்று பேசவில்லை. ஒருவரை ஒருவர் காக்க எண்ணி ஆளுக்கொரு திரை தொங்கவிட்டனர். திண்ணை வெறுமையாய்க் கிடந்தது.

சாவைப் பற்றிப் பேசுதல் அபசகுனம் என்பர் சிலர். பழந்தமிழர் அவ்வாறு அஞ்சினர் என்று கூறுதற்கில்லை. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்த வரலாற்றைப் புறநானூறு கூறும். உண்ணாதிருந்து உயிர்விடும் அவ்வழக்கத்தை இங்கே நாம் போற்ற வரவில்லை. அதனிடையே நிகழ்ந்த சிறு செய்தி ஒன்றையே எடுத்துக்கொள்கின்றோம். முன்பின் கண்டறியாத தன் நண்பர் பிசிராந்தையார் தவறாது வருவார், அவருக்குத் தன் அருகே இடம் விடுங்கள் என்று அவ்வரசன் முன்னரே கூறிவைத்தான். தன் இறுதிக்காலத்திலே பக்கத்தில் இருக்க வேண்டியவர் யார் என்பதை அவனே சொன்னான். கேட்டவர்கள் அதனை ஏற்றனர். அந்தப் பிசிராந்தையாரோ, ஆண்டு பல சென்றும் தமக்கு நரை தோன்றாமைக்குக் காரணம் கேட்டபோது, மனைவி, மக்கள், ஏவலர், அரசன், ஊர்ச் சான்றோர் எனத் தம்மைச் சூழ இருந்தோரையே காரணமாகக் காட்டினார். மருந்து ஒன்றையும் சொன்னாரல்லர். முதுமையின் நலம் சூழ இருப்போரைப் பொறுத்தது என்பதை அவர் அறிந்திருந்தார்.

முன்னுரைத்தல்

தமக்குப் பேச்சும் நினைவும் உள்ளபோதே, பின்னர் வரக்கூடிய நிலையில் தமக்கு எத்தகைய பராமரிப்பு வேண்டும், எது வேண்டா என்பதைக் குடும்பத்தாரோடும் வைத்தியரோடும் ஆராய்ந்து சொல்லிவைத்தலை முன்கூட்டிய பராமரிப்புத் திட்டமிடல் என்பர். சுருக்கமாக முன்னுரைத்தல் எனலாம். இதற்கும் கருணைக் கொலைக்கும் தொடர்பில்லை. உயிரைப் போக்குமாறு கேட்பது இதன் கருத்தன்று. இயற்கையாக வரும் முடிவை வீணே இழுத்துத் துன்பத்தை நீட்ட வேண்டா என்றும், அம்முடிவு வரையும் தம்மை நன்கு பேண வேண்டும் என்றும் சொல்லிவைப்பதே இது. "எல்லாச் சிகிச்சையும் இறுதிவரை வேண்டும்" என்று ஒருவர் சொன்னால், அதுவும் முன்னுரைத்தலே. அதனையும் மதித்தல் வேண்டும்.

இதனாற் பயன் உண்டா? அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரிலே, 80 வயதும் அதற்கு மேற்பட்டவருமான 309 நோயாளரிடம் நடத்திய ஆய்வு 2010இல் வெளிவந்தது. ஆறு மாதத்துக்குள் இறந்தோரை எடுத்து நோக்கினர். முன்னுரைத்தலுக்கு உதவி பெற்றோருள் நூற்றுக்கு 86 பேரின் இறுதி விருப்பம் அறியப்பட்டு நிறைவேற்றப்பட்டது. அவ்வுதவி பெறாதோருள் அவ்வாறு நிறைவேறியது நூற்றுக்கு 30 பேருக்கே. முன்னவரின் குடும்பத்தாரிடம் பின்னாளில் மனவுளைச்சலும் சோர்வும் குறைவாகக் காணப்பட்டன. ஆகவே முன்னுரைத்தல் முதியவருக்கு மட்டும் நன்மை செய்வதன்று. எஞ்சி வாழ்வோருக்கும் அது ஒரு கொடை. "சரியானதைத்தான் செய்தோமா?" என்ற வினா அவர்களை ஆயுள் முழுவதும் அரித்துத் தின்னாது.

இந்தியாவிலே உயர் நீதிமன்றங்களுக்கெல்லாம் மேலான உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9ஆம் நாள் இத்தகைய முன்விருப்ப ஆவணத்தை ஏற்றுத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பிலிருந்த நடைமுறை கடினமாயிருந்தமையால் 2023 ஜனவரியில் அதனை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் ஒப்பமிட்டு, நொத்தாரிசு ஒருவராலோ அரசிதழ்ப் பதவிநிலை அலுவலர் ஒருவராலோ உறுதிப்படுத்துதல் போதும் என்றாயிற்று. இலங்கையிலே இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்படவில்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரை வேண்டுமென்றே கைவிடாது பேணுதல் பிள்ளைகளின் கடமை என்று விதித்துள்ளது. பிள்ளைகளில்லாத, கைவிடப்பட்ட ஆதரவற்ற முதியோருக்கு உறைவிடம் அளித்தல் அரசின் கடமை என்றும் கூறியுள்ளது. சுகாதார அமைச்சு 2019 முதல் 2023 வரையிலான காலத்துக்கு நோய்த்தணிப்புப் பராமரிப்பு வளர்ச்சிக்கான தேசிய மூலோபாயச் சட்டகம் ஒன்றை வகுத்தது. கொள்கை ஏட்டிலே எழுந்தது. அது நெடுங்கேணியிலும் செட்டிகுளத்திலும் உள்ள வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே வருவதே இனி வேண்டியது.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கேட்பதற்குச் சட்டம் எதற்கு? காணிக்கு உறுதி எழுதும்போது எல்லைக் கல்லை ஒவ்வொன்றாக ஆராய்கின்றோம். நம்மைப் பெற்றவரின் இறுதி நாளைப் பற்றி ஒரு பக்கம் எழுத ஏன் தயங்க வேண்டும்?

கேட்க வேண்டியன ஐந்து. முதலாவது, தம் நோயைப் பற்றி அவர் எவ்வளவு அறிய விரும்புகின்றார் என்பது. எல்லாம் அறிய விரும்புவோரும் உளர். "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்போரும் உளர். இரண்டும் அவர் உரிமை. இரண்டாவது, அவர் பேச இயலாதபோது அவருக்காகப் பேச வேண்டியவர் யார் என்பது. மூத்த மகன் என்று நாமே முடிவு செய்தல் ஆகாது. அவர் நம்புபவர் கடைசி மருமகளாகவும் இருக்கலாம். மூன்றாவது, இறுதிக்காலத்தை எங்கே கழிக்க விரும்புகின்றார் என்பது. நான்காவது, சுவாசப்பொறி, நெஞ்சை அழுத்தி மீண்டும் இயக்குதல், குருதிச் சுத்திகரிப்பு, நெடும்பயணம் ஆகியவற்றை எந்நிலை வரை ஏற்பார் என்பது. இதனை வைத்தியரோடிருந்து பேசுதல் நன்று. ஐந்தாவது, அவருக்கு அமைதி தருவது எது என்பது. ஒருவருக்குச் சிவபுராணம் ஓதக் கேட்டல். ஒருவருக்குக் குருவானவர் வந்து எண்ணெய் பூசுதல். ஒருவருக்குக் கலிமாவைக் கேட்டல். ஒருவருக்குப் பிரித் ஓதல். பல சமயத்தார் வாழும் வவுனியாவிலே இவை யாவும் பொருளுடையன. பேரப்பிள்ளையின் கையாற் பால் பருக்கப்பெறுதல் ஒருவரின் ஆசையாயிருக்கும். தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவு அதற்கு இடம் தருமா என்பதை முன்னரே எண்ண வேண்டும்.

கேட்கும் முறையும் ஒன்றுண்டு. "நீங்கள் சாகும்போது" என்று தொடங்குவார் எவருமில்லை. அயலிலே நிகழ்ந்ததொன்றை வைத்துத் தொடங்கலாம். "அப்பு, அந்த வீட்டிலை நடந்தது போலை எங்களுக்கும் வந்தா, உங்களுக்கு என்ன செய்ய வேணும்?" என்று மாலை வேளையிலே முற்றத்திலிருந்து கேட்டால், அவர் சொல்வார். பெரும்பாலும் அவர் நெடுநாள் முன்னரே சிந்தித்து வைத்திருப்பார். அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதி, திகதியிட்டு, அவரிடம் வாசித்துக் காட்டி ஒப்பம் பெறலாம். ஒரு பிரதியை வைத்தியசாலைக் கொப்பியோடு வைக்கலாம். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் யாவரையும் ஒரே வேளையில் தொலைபேசியில் அழைத்து அவர் வாயாலேயே கேட்கச் செய்தல் மிக நன்று. விருப்பம் மாறும், மாறினால் மீண்டும் எழுதுக.

ஊர் செய்யத்தக்கது

சொல்லை அறிந்தபின் அதனை நிறைவேற்றும் கை வேண்டும். இங்கே நமக்கு வழிகாட்டுவது கடலுக்கு அப்பாலுள்ள கேரளம். 1993இல் கோழிக்கோட்டிலே வைத்தியர் இராஜகோபாலும் அவருடன் சேர்ந்தோரும் வலி தணிப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். பின்னர் மலப்புறம் முதலிய மாவட்டங்களில் அயலவரே தொண்டராகி அப்பணியைத் தம் பணியாக ஏற்றனர். ஆசிரியர், வியாபாரி, கூலித் தொழிலாளர், மாணவர் ஆகியோர் பயிற்சி பெற்றனர். தாதி ஒருவர் தொண்டரோடு வீடுவீடாகச் சென்றார். மக்கள் சிறுதொகையாகத் திரட்டிய பொருளே பெரும்பாலும் அதனை நடத்தியது. 2008இல் கேரள அரசு இதற்கெனக் கொள்கை வகுத்து, உள்ளூராட்சிச் சபைகளை இப்பணியிலே பொறுப்புடையனவாக்கியது. செல்வம் மிகுந்த நாடொன்று செய்ததன்று இது. நெல்லும் தென்னையும் உடைய, பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய, நம்மைப் போன்ற ஊர்கள் செய்தது.

நம் கிராமங்களிலே மரண சகாய சங்கம் இருக்கின்றது. ஒருவர் இறந்த நாழிகைக்குள்ளே பந்தல் எழுகின்றது, கதிரைகள் வருகின்றன, தேநீர் வருகின்றது, இளைஞர் இரவு முழுவதும் விழித்திருக்கின்றனர். இத்துணைச் சிறந்த ஒழுங்கு நம்மிடமே உண்டு. அவ்வுதவி சில மாதம் முந்தி வந்தால் ஆகாதா? பிணத்தின் அருகே விழித்திருக்கும் பத்துப் பேருள் இருவர், உயிருள்ளபோது ஒரு இரவு விழித்திருந்தால், களைத்துப்போன அந்த மூதாட்டி அன்றிரவு உறங்குவாள். கட்டில், சக்கர நாற்காலி, நீர் நிரப்பிய மெத்தை ஆகியவற்றைச் சங்கம் வாங்கிவைத்து வீடுவீடாகக் கொடுத்து வாங்கலாம். கதிரை வாங்கும் சங்கத்துக்கு இது பெரிய செலவன்று.

கற்கவேண்டியனவும் எளியனவே. படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிவிட்டால் படுக்கைப்புண்ணைப் பெரிதும் தவிர்க்கலாம். வாய் உலர்ந்தவருக்கு ஈரத்துணியால் நாவையும் உதட்டையும் நனைக்கலாம். மூச்சுத் திணறுபவரைச் சாய்த்து இருத்தி, முகத்தில் மென்காற்றுப்பட விசிறினால் திணறல் தணியும். இறுதி நாட்களில் உணவை வற்புறுத்தி ஊட்டுதல் கூடாது. உடல் உணவை வேண்டாத நிலை அது. மருந்து கொடுத்த நேரத்தை ஒரு கொப்பியில் எழுதிவைத்தல் வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையை ஊர்ச் சங்கங்கள் அணுகி இப்பயிற்சியைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். வவுனியா பொது வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பும் தீராநோயாளரை அவரவர் ஊர்த் தொண்டரோடு இணைத்துவிட ஓர் ஒழுங்கு அமையுமானால், கேரளத்தின் வழியிலே நாமும் முதலடி வைத்தவராவோம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மருந்து என்னும் அதிகாரத்தை வகுப்பிலே படிப்பிக்கும்போது இறுதிக் குறளைப் பதவுரையோடு முடித்துவிடாதீர்கள். உழைச்செல்வான் யார் என்று மாணவரிடம் கேளுங்கள். உங்கள் வீட்டிலே முதியவர் உளரா, அவர் பக்கத்திலே இருப்பவர் யார், அவருடைய விருப்பத்தை எவரேனும் கேட்டதுண்டா என்று வினவுங்கள். அந்த மாணவர் மாலையிலே வீட்டுக்குச் சென்று, அம்மம்மாவின் கட்டிலருகே ஒரு நாழிகை அமர்ந்து, அவர் சொல்வதைக் கேட்டுவரட்டும். தேர்வுக்கு அந்த விடை வேண்டியதில்லை. அம்மம்மாவுக்கு அது வேண்டும்.